குடம்புளி மாத்திரை கொழுப்பைத் தடுக்குமா?

கேள்வி: குடியாத்தத்தில் துணிக்கடை நடத்துகிறேன். வாரம் இரு முறையாவது ஆம்பூர் பிரியாணி சாப்பிடும் பழக்கம் உண்டு; சர்க்கரை நோய்க்கு மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். குடம்புளிச் சாறும் பச்சைத் தேயிலைச் சாறும் கலந்த மாத்திரையை விழுங்கிவந்தால், என்ன சாப்பிட்டாலும் எடை ஏறாது என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். குடம்புளியின் தோலிலுள்ள ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம், மிகுதியான மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் வேலையில் பங்கேற்கும் ஒரு நொதியை (என்சைம்) தடுக்கிறது என்பது ஆய்வுக்கூடத்தில் உறுதியான செய்திதான். ஆனால், எலியின் உடல் மாவுச்சத்திலிருந்து கொழுப்பை உருவாக்கும் அளவுக்கு நம் உடல் உருவாக்குவதில்லை; நமக்குச் சேரும் கொழுப்பில் பெரும்பங்கு உணவிலேயே கொழுப்பாக வருவது. பிரியாணியின் இறைச்சியிலும் எண்ணெயிலும் இருப்பது ஏற்கெனவே கொழுப்பு என்பதால், அந்த நொதியைத் தடுத்தும் அது உடலில் சேர்வதை நிறுத்த முடியாது. 1998இல் வெளியான ஆய்வில், உடல் பருமனுள்ள 135 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் இந்த அமிலத்தையும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையையும் 12 வாரம் கொடுத்துப் பார்த்தபோது, எடைக் குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

இந்தச் சாறுகள் எலிகளின் எடை ஏறுவதைக் குறைத்ததாகச் சொல்லும் ஆய்வுகளைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். அவற்றில் பலவற்றில் கொழுப்புத் தீவனத்தைத் தொடங்கும் நாளிலேயே சாற்றையும் தொடங்கிவிடுகிறார்கள். அதனால் அவை சோதிப்பது எடை ஏறாமல் தடுக்குமா என்பதைத்தான்; ஏற்கெனவே ஏறிய எடை இறங்குமா என்பது வேறு கேள்வி. அளவும் பெரிது: சுண்டெலிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்றால், உடலின் பரப்பளவை வைத்துப் போடும் வழக்கமான கணக்குப்படி 70 கிலோ மனிதருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.3 கிராம் சாறு வேண்டும்.

குழம்பில் போடும் குடம்புளியையும் குடிக்கும் பச்சைத் தேநீரையும் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. செறிவூட்டிய மாத்திரைதான் எனக்குக் கவலை தருகிறது. இவ்விரு சாறுகளாலும் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. பச்சைத் தேயிலையின் ஈ.ஜி.சி.ஜி. என்னும் பொருள் மாத்திரை வழியாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ சென்றால் இரத்தத்தில் கல்லீரல் நொதிகள் (கல்லீரல் பாதிப்பின் அறிகுறி) உயரக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது.

உங்கள் சர்க்கரை மாத்திரையின் பெயரைப் பாருங்கள். கிளிமெபிரைடு வகை எடையைக் கூட்டலாம்; மெட்ஃபார்மின் கூட்டுவதில்லை. நீங்களாக எதையும் நிறுத்தாமல், மாற்ற வழியுண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி எந்தச் சாற்றையும்விட உங்களுக்குப் பயன்படலாம். பிரியாணியை வாரம் ஒரு முறையாக்கி, அரிசியைப் பாதியாகக் குறையுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது.

ஒருவேளை ஏற்கெனவே அந்த மாத்திரையைத் தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்நிறமானாலோ, தாமதிக்காமல் மாத்திரைப் புட்டியுடன் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.