இரண்டு முழுநேர வேலை: பி.எஃப்., வரி, அப்புறம் தூக்கம்

பகலில் சென்னை அலுவலகம், இரவு ஏழு முதல் மூன்று வரை இன்னொரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை; தங்கையின் கல்யாணக் கடன் தீரும்வரை ஒரு வருடம் ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் இரண்டு பணி ஒப்பந்தங்களையும் எடுத்துப் படியுங்கள். வேறு வேலை கூடாது என்ற விதி ஐ.டி. நிறுவனங்களில் சகஜம். 2022இல் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை விப்ரோ நீக்கியது.

இரண்டு வேலை பார்ப்பதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி)தான். இரண்டு நிறுவனங்களும் உங்கள் ஒரே யூ.ஏ.என்.னில் (பி.எஃப். அடையாள எண்) பணம் கட்டினால், பாஸ்புக்கில் ஒரே மாதத்துக்கு இரண்டு இடத்து வரவு தெரியும். அடுத்த வேலைக்குப் பின்னணி சோதிக்கும்போதும் இது கண்ணில் படும்.

வரியிலும் கவனம். ஒவ்வொரு நிறுவனமும் தான் தரும் சம்பளத்தை மட்டும் பார்த்து டி.டி.எஸ். (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) பிடிக்கும். ஒரு முறை மட்டுமே கிடைக்க வேண்டிய நிலையான கழிவையும் (சம்பளத்தில் வரி போடாமல் விடும் தொகை) இரண்டு நிறுவனங்களும் தனித்தனியாகக் கொடுத்துவிடும். அதனால் வரி குறைவாகவே பிடிபடும்; ரிட்டர்ன் போடும்போது பெரிய தொகை பாக்கியாக வட்டியோடு நிற்கும். பாக்கி 10,000 ரூபாயைத் தொடும் என்றால் அட்வான்ஸ் டாக்ஸை, அதாவது அந்த வருடத்துக்குள்ளேயே முன்கூட்டிக் கட்டும் வரியை, தவணை தவறாமல் கட்டிவிடுங்கள்.

சரி, இதெல்லாம் பணம். "நாலு மணி நேரம் தூங்கிச் சமாளிக்கிறேன், காலையில் பைக்கில் ஓ.எம்.ஆர். போகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தயவுசெய்து நாளையிலிருந்தே பஸ்ஸில் போங்கள். இரவு வேலையை வார இறுதி ஒப்பந்தப் பணியாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பகல் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதியும் வாங்குங்கள். கடன் பாக்கியும் வட்டி விகிதமும் எவ்வளவு? எழுதினால் ஒரே சம்பளத்தில் அடைக்க வழி இருக்கிறதா என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.