சத்தம் கேட்டதும் வேலையை நிறுத்துவது யார்?

பெருங்கட்டுமானத் தளங்களில் தொழிலாளரின் உடல்நலமும் பாதுகாப்பும் பற்றி வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் விருப்பப்படி விட்டுவிட்டேன்.

*சுரங்க ரயில் நிலையப் பணி ஒன்றில் தளப் பொறியாளராக இருக்கிறேன். காலைக் கூட்டம், பதிவேடு, பணி அனுமதிச் சீட்டு எல்லாம் எங்களிடம் முறையாக உள்ளன. ஆனால் பெரிய விபத்து நடந்த தளங்களிலும் இவை இருந்திருக்கும்தானே? பிறகு எங்கேதான் பிசகுகிறது?*
— வாசகர், சென்னை

உங்கள் ஐயம் சரியானது. சிங்கப்பூரில் நிக்கல் நெடுஞ்சாலை அருகே 2004 ஏப்ரல் 20ஆம் தேதி நடந்ததை எடுத்துக்கொள்வோம். வட்டப்பாதை ரயிலுக்காக அங்கே ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இருபுறமும் மண்ணைத் தடுத்து நின்ற கான்கிரீட் சுவர்கள் உள்ளே சரியாமல் இருக்க, எஃகு உத்திரங்களை அடுக்கடுக்காகக் குறுக்கே வைத்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒன்பதாம் அடுக்கு முட்டு வைத்தாகிவிட்டது; பத்தாம் அடுக்குக்காகத் தோண்டும்போது, முட்டும் சுவரோரத்து எஃகு விட்டமும் சேரும் இணைப்புகள் நசுங்கத் தொடங்கின. காலையிலேயே உலோகம் முறுகும் சத்தத்தைத் தளத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். நசுங்கிய இடங்களில் கான்கிரீட் ஊற்றிச் சரிசெய்யவும் முயன்றார்கள். பிற்பகல் மூன்றரை மணி அளவில் பள்ளம் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியோடு சேர்ந்து சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அவர்களுள் ஒருவரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

அந்தத் தளத்தில் அளவீட்டுக் கருவிகள் இல்லாமல் இல்லை. சுவர் எவ்வளவு வளைகிறது என்ற கணக்கு வந்துகொண்டேதான் இருந்தது. வளைவு எதிர்பார்த்த அளவைத் தாண்டியபோது வேலையை நிறுத்தி வடிவமைப்பைச் சோதிப்பதற்குப் பதிலாக, கிடைத்த எண்களுக்கு ஏற்பக் கணக்கைத் திருப்பிப் போட்டு வரம்பையே உயர்த்தினார்கள் என்பது விசாரணைக் குழு கண்ட முக்கியமான குறைகளுள் ஒன்று. இணைப்புகளின் வடிவமைப்பு முதலிலேயே வலுக்குறைவாக இருந்தது என்பதும் வெளிவந்தது. ஆகவே பிசகிய இடம் பதிவேடு அன்று. பதிவேட்டில் ஏறிய எண்ணைக் கண்டு ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லும் அதிகாரமும், அப்படிச் சொல்லிவிட்டு வேலையில் நீடிக்கும் துணிவும் ஒரே ஆளிடம் சேராத இடம்.

உங்கள் தளத்தில் இன்றே பார்க்க வேண்டியது இதுதான்: வேலையை நிறுத்தக்கூடியவர் யார் என்று எழுதி வைத்திருக்கிறார்களா, இரவுப் பணியில் அவர் தளத்தில் இருக்கிறாரா, அவருடைய சம்பளமும் பதவி உயர்வும் பணி முடியும் தேதியோடு கட்டப்பட்டிருக்கின்றனவா? எச்சரிக்கை வரம்பை மாற்ற வேண்டிய நிலை வந்தால், அந்த மாற்றத்தால் நாட்களை மிச்சப்படுத்தப்போகிறவர் அதில் கையொப்பமிடக் கூடாது. வெளியிலிருந்து ஒரு பொறியாளர் பார்த்தாக வேண்டும். 500 தொழிலாளர் இருந்தால் பாதுகாப்பு அலுவலரும் பாதுகாப்புக் குழுவும் வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் இந்தியக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு கட்டுமானப் பணியில் பாதுகாப்பு அலுவலருக்கான அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்திருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த அலுவலர் திட்ட மேலாளரிடமே விடுப்பு கேட்டு நிற்பவராக இருந்தால், அவர் திட்ட மேலாளரின் வேலையை எப்படி நிறுத்துவார்?

*எங்கள் தள வாசலில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். 300 நாட்கள் ஆனதும் எல்லோருக்கும் பரிசு தந்தார்கள். இது நல்ல பழக்கம்தானே?*
— வாசகர், ஓசூர்

நல்ல எண்ணத்தில் தொடங்கி, பல தளங்களில் கெட்ட பழக்கமாக முடிந்தது இது. நான் முன்பு பணியாற்றிய ஒரு தளத்தில் கம்பி வளைக்கும் இயந்திரத்தில் ஒருவரின் விரல் நசுங்கியது. மறுநாள் அவரை அழைத்து வந்து, கட்டுப்போட்ட கையோடு அலுவலக அறையில் உட்காரவைத்து, வருகைப் பதிவு போட்டார்கள். காரணம் எளிது: காயத்தால் ஒருவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால் அதை அதிகாரிகளுக்கு அறிவித்தாக வேண்டும் என்பது சட்டம். அவர் ‘வேலைக்கு வந்துவிட்டார்’ என்றால் அறிவிப்பும் இல்லை, பலகையில் எண்ணும் குறையாது. அந்த வாரம் முழுவதும் அந்த இயந்திரம் மறைப்பு இல்லாமலே ஓடியது என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பரிசு கைக்கு வரும் நேரத்தில் காயத்தைச் சொல்பவர் உடன் வேலை செய்பவர்களின் கண்ணுக்கே குற்றவாளி ஆகிவிடுகிறார். பரிசு தர வேண்டுமென்றால், மயிரிழையில் தப்பிய சம்பவங்களைச் சொன்னவர்களுக்குத் தரலாம். மேலிருந்து விழுந்து யார் மேலும் படாத ஒரு சுத்தியல், அடுத்து என்ன நடக்கும் என்பதை ஒரு பைசா செலவில்லாமல் சொல்லிவிடுகிறது.

*ஹெல்மெட்டை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?*
— வாசகர், கோவை

தயாரிப்பாளர் உள்பக்கம் பொறித்திருக்கும் காலத்தைப் பாருங்கள். ஆனால் பலமான அடி ஒன்று வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும், அன்றே தூக்கி எறிந்துவிட வேண்டும். வெயிலில் வெளிறி, அழுத்தினால் நொறுங்குகிற நிலைக்கு வந்ததும் அப்படியே.

*என் கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார். உயரத்தில் வேலை. ‘பெல்ட் மாட்ட இடமே இல்லை, கேட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்’ என்கிறார். நான் என்ன செய்ய முடியும்?*
— வாசகி, சிவகங்கை

சகோதரி, அவருடைய பயத்தைத் தவறு என்று சொல்ல மாட்டேன். வேலை அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. ஊரில் முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடன் தலைமேல் இருக்கும். ஆனால் அங்குள்ள சட்டம் அவர் பக்கம் நிற்கிறது என்பதையும் அவர் தெரிந்திருக்க வேண்டும். மூன்று மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடத்தில், அந்த வேலைக்கென்று தளத்தில் தரும் அனுமதிச் சீட்டு இல்லாமல் வேலை தொடங்கவே கூடாது. பெல்ட்டின் கொக்கியை எங்கே மாட்டுவது என்பதைச் சீட்டில் கையொப்பமிடுபவர் பார்த்திருக்க வேண்டும். சாரத்தின் தளர்ந்த குழாயில் மாட்டிய கொக்கி, மாட்டாத கொக்கியைவிட மோசமானது. அது இல்லாத தைரியத்தைக் கொடுக்கும்.

பெயர் வெளிவராமல் மனிதவள அமைச்சிடம் புகார் சொல்ல வழி இருக்கிறது. தளத்தின் முகவரியும் ஆபத்தான இடத்தின் படமும் இருந்தால் அது பயன்படும். காயம் பட்டால், யார் தவறு என்று நிரூபிக்காமலே இழப்பீடு கோரலாம்; வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் மருத்துவரிடம் ‘அறையில் வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லச் சொன்னால் உங்கள் கணவர் ஒருபோதும் ஒப்புக்கொள்ளக் கூடாது. முதல் நாள் மருத்துவச் சீட்டில் எழுதப்படுவதுதான் பின்னால் பேசும். சம்பளச் சீட்டு, வேலை அனுமதி அட்டை, தளத்தின் பெயர் ஆகியவற்றின் படங்களை உங்கள் கைப்பேசிக்கு அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். ஊரிலிருந்து நீங்கள் செய்யக்கூடியவற்றுள் இதுவே பெரியது. நிக்கல் நெடுஞ்சாலை விபத்து நடந்த 2004இல் அந்நாட்டில் ஒரு லட்சம் தொழிலாளருக்கு 4.9 பேர் பணியிடத்தில் இறந்தார்கள். 2023இல் அது 0.99 ஆகக் குறைந்தது. இடையே 2006இல் புதிய சட்டம் வந்தது. விபத்து நடக்கும்வரை காத்திராமல், ஆபத்தை உண்டாக்கியதற்கே நிறுவனத்தைத் தண்டிக்க அதில் இடம் இருக்கிறது.

*நான் உள் ஒப்பந்தம் எடுத்து சென்ட்ரிங் வேலை செய்கிற மேஸ்திரி. சித்திரை, வைகாசி வெயிலில் ஆட்கள் மயங்கி விழுகிறார்கள். இடைவேளையைக் கூட்டினால் வேலை நாள் இழுக்கிறது. எவ்வளவு ஓய்வு போதும்?*
— வாசகர், விழுப்புரம்

வெயிலின் சூட்டை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. காற்றின் ஈரம், வெயில் நேரே படுவது, காற்றோட்டம் எல்லாம் சேர்ந்ததே உடலுக்குத் தெரியும் சூடு. இவை அனைத்தையும் சேர்த்து அளக்கும் கருவி ஒன்று உண்டு. அந்த அளவு 32 பாகை செல்சியஸை எட்டினால் கடின வேலை செய்பவருக்கு மணிக்கு 10 நிமிடமும், 33ஐ எட்டினால் 15 நிமிடமும் நிழலில் ஓய்வு தர வேண்டும் என்று 2023 அக்டோபரிலிருந்து சிங்கப்பூரில் விதி இருக்கிறது. இது நாம் வானிலை அறிக்கையில் கேட்கும் 32 பாகை அன்று, அதைவிடக் கடுமையானது. கருவி இல்லாவிட்டாலும் அந்த 10, 15 நிமிடக் கணக்கை நீங்கள் பின்பற்றலாம். ஊரிலிருந்து புதிதாக வந்தவரையும், காய்ச்சலில் கிடந்து திரும்பியவரையும் முதல் ஏழு நாட்களாவது குறைந்த வேலையில் வைத்து மெல்லக் கூட்டுங்கள். உடல் சூட்டுக்குப் பழக அவ்வளவு நாள் ஆகும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் மணிக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்க வையுங்கள்; கழிவறை இல்லாத தளத்தில் பெண்கள் தண்ணீரையே தவிர்ப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

நாள் இழுக்கும் என்ற கவலைக்கு ஒரு வழி உண்டு: காலை ஐந்தரைக்குத் தொடங்கி, பலகை அடிப்பதையும் கம்பி தூக்குவதையும் பதினொன்றுக்குள் முடித்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் மறுபடி தொடங்குங்கள். விலைப்புள்ளி கொடுக்கும்போதே இந்த நேர மாற்றத்தையும் நிழற்பந்தல், தண்ணீர்ச் செலவையும் எழுதிச் சேர்த்துவிடுங்கள். ஒருவர் பேச்சுக் குழறி, தலை தடுமாறி, உடல் நெருப்பாகக் கொதித்தால் அது மயக்கம் அன்று, வெப்ப வாதம். உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வருவதற்குள் அவரை நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைக் கழற்றி, வாளி வாளியாகத் தண்ணீரை உடம்பில் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாதவர் வாயில் மட்டும் தண்ணீரை ஊற்றாதீர்கள்.