ஐஸ் பெட்டி மூடி மத்தியானம் மட்டும் ஏன் தூக்குகிறது?

கேள்வி: நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் ஃபைபர் படகுகளுக்கு ஐஸ் பெட்டி மூடி செய்கிறோம். 1 மீட்டர் நீளம். மேலும் கீழும் 3 மி.மீ. ஃபைபர், நடுவில் 50 மி.மீ. பியூ ஃபோம் (பாலியூரிதேன் நுரை), மேலே கரும்பச்சை ஜெல்கோட் (நிறம் சேர்த்த மேல்பூச்சு). ராத்திரி சரியாக உட்காருகிறது. உச்சி வெயிலில் நீளப்பக்க நடுவில் இடைவெளி விழுந்து ஐஸ் உருகுகிறது. ஃபைபரைத் தடிமனாக்கலாமா?

பதில்: வேண்டாம். எடைதான் கூடும், வளைவு குறையாது.

மேட் (கண்ணாடி இழைப் பாய்) போட்ட ஃபைபர், ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்குச் சுமார் 0.028 மி.மீ. நீளும். வெயிலில் மேல் ஃபைபர் தகடு 60 டிகிரி, ஐஸ் பக்கம் 5 டிகிரி என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 55, மேல்தகடு 1.5 மி.மீ. கூடுதலாக நீள்கிறது. இரண்டு தகடும் நடுவுக்கு நடு 53 மி.மீ. இடைவெளியில் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் அந்த ஒன்றரை மி.மீ., நடுவில் மூன்றரை மி.மீ. மேடாகிவிடும். ராத்திரி வித்தியாசம் 22 டிகிரிதான். அப்போது மேடு 1.5 மி.மீ. அதை மூடி ஓரத்து ரப்பர் பீடிங் தாங்கிக்கொள்கிறது.

முதல் வேலை, செலவில்லாதது: ஜெல்கோட்டை வெள்ளையாக்குங்கள். மேல்சூடு 45க்கு இறங்கினாலே மேடு 2.6 மி.மீ. ஆகும். ஃபோமை 75 மி.மீ. ஆக்கினாலும் அதே அளவு பலன் உண்டு.

மிச்சத்தை ஒட்டும்போதே சரிக்கட்டலாம். மேல்தகட்டை, கீழ்த்தகட்டைவிட 30 டிகிரி கூடுதல் சூட்டில் ஒட்டுங்கள். ஆறியதும் அது சுருங்கி மூடி சற்றுக் குழியும். வெயில் ஏறும்போது அந்தக் குழிவு முதலில் நிமிர வேண்டும். கரும்பச்சையிலேயே மத்தியான மேடு 1.6 மி.மீ.தான் வரும், ராத்திரி அரை மி.மீ. குழிவு. காலிப் பெட்டியில் மூடி 2 மி.மீ. குழிந்து தெரியும். பயப்பட வேண்டாம்.

தகடுகளை ஒரு நாள் விட்டு, பிறகு 60 டிகிரியில் சில மணி நேரம் வைத்து முழுக்க இறுகவிடுங்கள். சாதாரண ரெசின் (ஃபைபர் இழையை இறுக்கும் பிசின்) 60, 70 டிகிரியில் இளகத் தொடங்கும். இறுகாத தகடு முதல் கத்திரி வெயிலிலேயே வளைந்தபடி நின்றுவிடும். முதல் நாள் கீழ்த்தகட்டைச் சாதாரணச் சூட்டில் ஃபோமோடு ஒட்டுங்கள். மறுநாள், கால் வைத்த இரும்புத் தகட்டு மேஜையில் மேல்தகட்டைக் குப்புறப் போட்டு, அடியிலிருந்து 250 வாட் இன்ஃப்ராரெட் பல்புகளால் 58–60க்குச் சூடேற்றுங்கள். இரும்பும் சூட்டில் வளையும். சூடான பிறகு நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். எபாக்சி பசை பூசி, ஃபோம் பக்கத்தை அதன்மேல் இறக்கி, மணல் மூட்டைகளைச் சமமாக அடுக்குங்கள். மூட்டையை ஈரமாக வைத்தால் மேலே வந்திருக்கும் கீழ்த்தகடு 30 டிகிரியிலேயே நிற்கும். பாலியஸ்டர் ரெசினால் ஒட்டாதீர்கள். அது இறுகும்போது தானே சுருங்கி உங்கள் கணக்கைக் கெடுக்கும்.

கலக்கிய எபாக்சியில் கொஞ்சத்தை அதே மேஜையில் ஒரு சின்ன டப்பா மூடியில் வைத்து, நகம் பதியாத அளவுக்கு அது இறுகும் வரை பல்பை அணைக்காதீர்கள். 35க்கு ஆறிய பிறகே மூட்டையை எடுங்கள். அவசரப்பட்டால் பசை வழுக்கி, தகடு பழைய நிலைக்கே திரும்பும். ஓரத்தை மூடும் ஃபைபர் மேட் பாயைக் கடைசியில், ஆறிய மூடியில், இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் போடுங்கள்.

ஏற்கெனவே கடலில் இருக்கும் மூடிகளுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, நீளப்பக்க நடுவில் ஒரு கொக்கி மாட்டினால் போதும். மூலைக் கொக்கிகளை இறுக்குவதால் நடுவிலுள்ள இடைவெளி அடைபடாது.