வெயிலைக் குறைக்க வானத்தில் கந்தகமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பூமி சூடாவதைத் தடுக்க வானத்தில் எதையோ தூவப் போகிறார்களாமே? வைகை அணையில் தெர்மகோல் விட்ட கதையாகத்தான் முடியும் என்கிறார் எங்கள் டீக்கடைக்காரர். இதற்கு ஆராய்ச்சி வேறு தேவையா? – செல்லூர் வாசகர்

பதில்: டீக்கடைக்காரருக்கு ஒரு சல்யூட். ஆனால் 2017-ல் அந்த தெர்மகோல் ஏன் ஊர் சிரிக்கப் போனது? தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க நினைத்தது தப்பில்லை, காற்றடித்தால் அட்டை நிற்குமா என்று ஏதாவது ஒரு கண்மாயில் விட்டுப் பார்க்காமல் நேரே அணையில், அதுவும் கேமராக்களுக்கு முன்னால் இறக்கியதுதான் வினை. அப்படிப் பார்த்தால் அவர் ஆராய்ச்சி வேண்டும் என்ற கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறார்.

1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்து, ஒன்றரைக் கோடி டன் அளவுக்குக் கந்தக டை ஆக்சைடை, மேகங்களுக்கும் மேலே இருக்கும் ஸ்ட்ராடோஸ்பியர் என்ற காற்றடுக்கு வரை தூக்கிப் போட்டது. அது பொடித் துளிகளாகி வெயிலில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்ப, உலகத்தின் சராசரி வெப்பம் ஓராண்டுக்கு மேல் ஏறக்குறைய அரை டிகிரி குறைந்தது. இதையே விமானம் வைத்துச் செய்தால் என்ன என்பதுதான் யோசனை. வெளிப்படையாகப் பேசவே விஞ்ஞானிகள் கூச்சப்பட்ட விஷயத்தை, ஆராய வேண்டும் என்று 2006-ல் எழுதினார் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சன்.

லாபம் தெரிகிறது: சீக்கிரம் குளிரும், செலவும் ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால் பினாடுபோவுக்கு அடுத்த ஆண்டு உலகில் நிலத்தின் மேல் பெய்த மழை குறைந்தது, ஓசோனும் அடிவாங்கியது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு அப்படியே இருப்பதால் கடல் அமிலமாவதும் நிற்காது. இன்னொன்று, பல வருடம் தூவிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் அதுவரை அடக்கி வைத்த சூடு சில ஆண்டுகளில் மொத்தமாக ஏறிவிடும்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆட்கள் ஒன்றிரண்டு கிலோ தூளை பலூனில் ஏற்றிச் சோதிக்க இருந்தார்கள். 2021-ல் ஸ்வீடனில் தூளே இல்லாமல் கருவியை மட்டும் பறக்கவிடப் பார்த்ததற்கே அங்குள்ள சாமி என்னும் பழங்குடியினர் எங்களை யார் கேட்டீர்கள் என்று எதிர்த்தார்கள், வேலை நின்றது. 2024-ல் திட்டத்தையே மூடிவிட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான், ஆனாலும் எனக்கு பயம் இந்தப் பேராசிரியர்கள் மேல் இல்லை. மெக்சிகோவில் யாரிடமும் கேட்காமல் கந்தக பலூன் விட்டது ஒரு அமெரிக்க ஸ்டார்ட்அப், அதன் பிறகுதான் அந்த நாடு தடை என்றது. அந்த மாதிரி ஆட்களிடம் கேள்வி கேட்கவாவது நம் கையில் கணக்கு இருக்க வேண்டாமா? அதனால், ஊரறிய நடக்கும் ஆராய்ச்சிக்குச் சரி, தூவுவதற்கு இப்போது வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஒருபோகம் பெரியாறு தண்ணீரை நம்பித்தான். இதனால் மழை கெடுமா? – மேலூர் வாசகர்

பதில்: கெடலாம். பெரியாறு அணை நிரம்புவது கேரள மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையில், நம் ஊர் மழையோ பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில். நமக்கு இரண்டும் வேண்டும். வட துருவத்தின் பக்கம் மட்டும் தூவினால் மழைப் பட்டையே தெற்கே நகர்ந்து இந்தியப் பருவமழை குறையும் என்கின்றன கணினி மாதிரிகள். உலகம் முழுக்கப் பரவலாகத் தூவினால் கதை வேறு. ஆனால் மேலூருக்கு எத்தனை சென்டிமீட்டர் குறையும் என்று சொல்ல எந்த மாதிரிக்கும் இன்னும் திராணி இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கோவிந்தசாமி பாலா போன்றவர்கள் இதைப் பல வருடமாகக் கணக்குப் போடுகிறார்கள். நம் மழையைப் பற்றிய கணக்கு நம் ஆட்களிடமும் இருப்பது நல்லது.

கேள்வி: செயற்கை மழையும் இதுவும் ஒன்றா? – திருமங்கலம் வாசகி

பதில்: இல்லை. அது இருக்கிற மேகத்தில் சில்வர் அயோடைடு தூவுவது, சில மணி நேர வேலை. இது 20 கிலோமீட்டர் உயரத்தில், உலகம் முழுக்கப் பரவி ஓரிரு வருடம் தங்குவது.

கேள்வி: மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்தால் பூமி குளிருமா? – அதே வாசகி

பதில்: பூமி குளிராது, உங்கள் மாடி அறை குளிரும். மாசியிலேயே அடித்துவிடுங்கள், சித்திரையில் ஆள் கிடைக்காது. சுண்ணாம்பு என்றால் மழைக்குப் பிறகு திரும்ப அடிக்க வேண்டிவரும். காய்ந்த பிறகு மத்தியானம் வடாம் காயப்போடப் போனால் கண் கூசும், கூலிங்கிளாஸ் போட்டுக்கொள்ளுங்கள்.