வீட்டுக்காரர் ஓடும் வேகம் எனக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: எனக்கு 47 வயது, கோவையில் இருக்கிறோம். நான்கு வருடமாக ஓடுகிறேன். வாரம் ஐந்து நாள் காலையில் ரேஸ் கோர்ஸில் பயிற்சி. ஆனாலும் ஹாஃப் மாரத்தான் 2 மணி 25 நிமிடத்துக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. என் கணவருக்கு 48. வாரம் இரண்டு நாள் வந்தாலே பெரிய விஷயம், ஆனால் 2 மணி நேரத்தில் சிரித்துக்கொண்டே முடித்துவிடுகிறார். “வயசாயிடுச்சு, பொம்பளை உடம்பு வேற, இதுல நாம என்ன கென்யாவிலா பொறந்தோம்” என்று எங்கள் ஓட்டக் குழுவில் கிண்டல் செய்கிறார்கள். ஒரு வருடமாக நேரம் கூடிக்கொண்டுதான் போகிறது. இப்போது மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. பீரியட்ஸ் இரண்டு வருடமாக அதிகம், ஒழுங்கும் இல்லை. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.8. “லேடீஸுக்கு இதெல்லாம் சகஜம்” என்றார்கள். என் உடம்புக்கு எல்லை இவ்வளவுதானா? (பெயர் வேண்டாம், கோவை)

பதில்: வயதையும் நாட்டையும் அப்புறம் பார்க்கலாம். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த 10.8தான். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சகஜம் என்று சொன்னவர் ஒரு வகையில் பொய் சொல்லவில்லை, தேசிய குடும்ப நல ஆய்வின் (2019–21) படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இருக்கிறது என்பதால் ஒரு நோய் நோயில்லாமல் போய்விடாது. ஆண் ஒருவர் 10.8 என்று ரிப்போர்ட்டோடு வந்திருந்தால் யாரும் சகஜம் என்று சொல்லி அனுப்பியிருக்க மாட்டார்கள், குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று அன்றைக்கே தேட ஆரம்பித்திருப்பார்கள்.

ஓட்டத்துக்கு இது என்ன செய்யும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லி ஆக்ஸிஜனைச் சுமக்கும். ரிப்போர்ட்டில் வரும் எண், 100 மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் ஹீமோகுளோபின் என்பது. உங்கள் கணவருக்கு 15 இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அவருடைய ரத்தம் 100 மில்லிக்கு 20 மில்லி ஆக்ஸிஜனை எடுத்துப் போகிறது. உங்களுடையது பதினாலரை. இதயம் எவ்வளவு அடித்தாலும், கால் எவ்வளவு உழைத்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் தசைக்குப் போய்ச் சேருவது கால் பங்குக்கு மேல் குறைவு. இந்த நிலைமையில் 21 கிலோமீட்டரை 2:25ல் முடிக்கிறீர்கள் என்றால் உங்கள் பயிற்சியில் குறை கண்டுபிடிக்க எனக்கு மனசு வரவில்லை.

சரி, குழுவில் சொன்ன மூன்று விஷயத்துக்கு வருவோம். மூன்றும் ஒரே எடை உள்ளவை இல்லை, அதைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பெண் உடம்பு என்பதில் உண்மை இருக்கிறது. பருவமடையும் வரை பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. டெஸ்டோஸ்டிரோன் வேலையைத் தொடங்கிய பிறகுதான் ஆண்களுக்கு இதயமும் நுரையீரலும் பெரிதாகி, தசை கூடி, சிவப்பணுக்களும் அதிகமாகின்றன. பெண்களுக்கு உடம்பில் கொழுப்பின் பங்கு கூடுகிறது, அது இனப்பெருக்கத்துக்குத் தேவையான ஏற்பாடு, ஆனால் ஓடும்போது தூக்கிச் செல்ல வேண்டிய எடை. இதெல்லாம் சேர்ந்து உச்சத்தில் உள்ளவர்களிடையே ஏறக்குறைய 10 சதவீத இடைவெளியாக வருகிறது. ஆண்களில் கெல்வின் கிப்டம் 2023ல் சிகாகோவில் மாரத்தானை 2:00:35ல் ஓடினார். அதே ஆண்டு பெண்களில் டிக்ஸ்ட் அசெஃபா பெர்லினில் ஓடியது 2:11:53. கணக்குப் போட்டால் 9 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்.

இதை உங்கள் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். அவருடைய 2 மணி நேரத்தோடு 10 சதவீதம் சேர்த்தால் 2:12. நீங்கள் ஓடுவது 2:25. ஆக, பெண் என்பதால் வருவது போக இன்னும் 13 நிமிடம் பாக்கி இருக்கிறது. சராசரிக் கணக்கைத் தனி மனிதர்கள் மேல் இப்படி அப்படியே வைக்கக் கூடாதுதான். அவர் சின்ன வயதில் கபடியோ கால்பந்தோ ஆடியிருக்கலாம், நீங்கள் 43 வயதில்தான் ஷூ மாட்டியிருக்கிறீர்கள். ஆனாலும் அந்த 13 நிமிடத்தில் பெரும்பகுதி ரத்தத்தில் கிடக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன், அது சரிசெய்யக்கூடிய பகுதி.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு நேர் எதிராக “தூரம் கூடக்கூட பெண்கள்தான் ஜெயிப்பார்கள்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியும் சுற்றுகிறது. ஜாஸ்மின் பாரிஸ் என்ற பெண் 2019 ஜனவரியில் பிரிட்டனின் ஸ்பைன் ரேஸில், சுமார் 430 கிலோமீட்டர், ஆண்கள் எல்லோரையும் தாண்டி 83 மணி நேரச் சொச்சத்தில் முதலாவதாக வந்தார், அதுவும் வழியில் நின்று நின்று தன் கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் எடுத்து வைத்துக்கொண்டே. நிஜமாக நடந்தது. பெண்களின் தசை கொழுப்பை எரிபொருளாகக் கொஞ்சம் அதிகம் பயன்படுத்துகிறது, மாரத்தானின் இரண்டாம் பாதியில் ஆண்களைப் போலத் தடாலென்று வேகம் விழுவதும் குறைவு. இதெல்லாம் நீண்ட தூரத்தில் இடைவெளியைச் சுருக்கலாம். ஆனால் ஒரு ஜாஸ்மினை வைத்துப் பொது விதி எழுதிவிட முடியாது, சாதாரணமாக அந்தத் தூரங்களிலும் முதலில் வருவது ஆண்கள்தான். அப்புறம், பெண்களுக்கு ஓட வாய்ப்பே எப்போது கிடைத்தது என்றும் பார்க்க வேண்டும். 1928 ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். சிலர் களைத்துப் போனதைக் காரணம் காட்டி எடுத்துவிட்டு, 1960ல்தான் திரும்பக் கொண்டு வந்தார்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்தது 1984ல், அந்த வருடம் உங்களுக்கு அஞ்சாறு வயது இருந்திருக்கும்.

வயது விஷயத்தில் உங்கள் குழுவினர் அவசரப்படுகிறார்கள். உங்களுக்கும் கணவருக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம் என்பதால் உங்கள் வீட்டு இடைவெளிக்கு வயது காரணமே ஆக முடியாது, அதை யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இறங்குகிறது என்பது உட்கார்ந்தே இருப்பவர்களின் கணக்கு. தொடர்ந்து கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்கு இந்தச் சரிவு பாதியாகக் குறையும் என்று பல ஆய்வுகளில் தெரிகிறது. உச்ச இதயத் துடிப்பு இறங்குவதை மட்டும் யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் நாற்பதுக்கு மேல் ஓட ஆரம்பித்தவர்கள் வயது ஏற ஏறவே வேகமும் ஏறுவதைச் சில வருடங்களுக்குப் பார்க்கலாம். ஜப்பானின் மாரிகோ யுகேதா இருபதுகளில் முயன்றும் மாரத்தானை 3 மணி நேரத்துக்குள் முடிக்க முடியாமல், 58வது வயதில்தான் முதல் தடவை அதைச் செய்தார். 62 வயதில் 2:52:13. கனடாவின் எட் விட்லாக் 73 வயதில் 2:54:48, 85 வயதில்கூட 4 மணி நேரத்துக்குள். எல்லோரும் விட்லாக் ஆக முடியாது, ஆனால் 47ல் கடையைச் சாத்த வேண்டியதில்லை.

உங்கள் வயதில் நான் கவனிப்பது வேறு. பீரியட்ஸ் இரண்டு வருடமாகத் தாறுமாறாக வருகிறது என்கிறீர்கள். மெனோபாஸுக்கு முந்தைய இந்தக் காலத்தில் அதிக ரத்தப்போக்கு வருவது அடிக்கடி நடப்பது, இரும்புச்சத்து காலியாவதற்கு அதுதான் நேர் வழி. அத்தோடு கால் தரையில் பட்டுப் பட்டு சிவப்பணுக்கள் கொஞ்சம் உடைவது, வியர்வையிலும் குடலிலும் கொஞ்சம் போவது, நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு சில மணி நேரம் குடல் இரும்பைச் சரியாக உறிஞ்சாமல் இருப்பது என்று ஓடுகிறவர்களுக்கே உரிய சில்லறைச் செலவுகளும் உண்டு. சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிக்கும் பழக்கமும் இருந்தால் வருகிற கொஞ்ச நஞ்சமும் போச்சு.

இனி கென்யா. இந்தக் கிண்டலில்தான் சரக்கு மிகக் குறைவு. போஸ்டன் மாரத்தானுக்குத் தகுதி நேரம் என்று ஒரு அட்டவணை வைத்திருக்கிறார்கள். 2026 போட்டிக்கு 45–49 வயது ஆண்களுக்கு 3:15, பெண்களுக்கு 3:45. அந்த 30 நிமிடம் 15 சதவீதத்துக்கு மேல் வருகிறது, உடலியல் வித்தியாசத்தைவிடக் கொஞ்சம் தாராளம்தான், இருக்கட்டும். அதில் வயதுக்கு இடம் இருக்கிறது, ஆண் பெண்ணுக்கு இடம் இருக்கிறது, நாட்டுக்கு இல்லை. கென்யாக்காரருக்கும் கோயம்புத்தூர்க்காரருக்கும் ஒரே நேரம்தான்.

முதல் வரிசையில் கென்யர்களும் எத்தியோப்பியர்களும் குவிந்திருக்கிறார்களே என்றால், ஆமாம், குவிந்திருக்கிறார்கள். ஆனால் கென்யா முழுவதும் அப்படி இல்லை. பெரும்பாலும் ரிஃப்ட் பள்ளத்தாக்குப் பகுதியின் கலெஞ்சின் இனக்குழுவினர், கடல் மட்டத்திலிருந்து 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள இட்டேன் மாதிரி ஊர்களைச் சுற்றி வளர்ந்தவர்கள். மெலிந்த கெண்டைக்கால் ஓட்டத்தில் சக்தியை மிச்சப்படுத்தும், உயரத்தில் பிறந்து வளர்ந்தது உதவும், சின்ன வயதிலிருந்து நடையும் ஓட்டமுமாக வளர்ந்தது உதவும், பக்கத்து வீட்டுக்காரர் ஓடி ஜெயித்துப் பணத்தோடு ஊர் திரும்புவதைப் பார்த்து வளர்வது எல்லாவற்றையும்விட உதவும். இதுதான் காரணம் என்று சொல்ல ஒற்றை மரபணு எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. உயரம் மட்டுமே போதும் என்றால் நேபாள மலைக்காரர்கள் அல்லவா ஒலிம்பிக் தங்கத்தை அள்ள வேண்டும்?

நூறு வருடத்துக்கு முன்னால் இதே கிண்டலைச் செய்திருந்தால் “நாம என்ன பின்லாந்திலா பொறந்தோம்” என்று சொல்லியிருப்பார்கள். பாவோ நூர்மி 1920, 1924, 1928 மூன்று ஒலிம்பிக்கிலும் சேர்த்து 9 தங்கம் வாங்கினார். 1920ல் மாரத்தான் தங்கமும் பின்லாந்துக்காரருக்குத்தான். இன்றைக்கு நீண்ட தூர ஓட்டத்தின் முதல் வரிசையில் பின்லாந்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். நூறு வருடத்தில் ஒரு நாட்டின் மரபணு மாறிவிடாது, பழக்கமும் வசதியும் ஆர்வமும் மாறும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் தங்கம் நெதர்லாந்துக்குப் போனது, ஓடிய சிஃபான் ஹசன் பிறந்தது எத்தியோப்பியாவில். பாஸ்போர்ட்டை வைத்து உடம்பைப் படிக்க முயன்றால் இப்படித்தான் குழம்பும். நம் பக்கம் ஷிவ்நாத் சிங் 1978ல் ஜலந்தரில் மாரத்தானை 2:12:00ல் ஓடினார், அந்த இந்தியச் சாதனை நாற்பது வருடத்துக்கு மேல் நின்றது. அதில் பெருமைப்பட ஒரு பாதி, வெட்கப்பட ஒரு பாதி.

ஒரு இடத்தில் மட்டும் நாம் பிறந்த இடத்தை நான் தீவிரமாக எடுத்துக்கொள்வேன். தெற்காசியர்களுக்கு மாரடைப்பும் சர்க்கரை நோயும் மற்றவர்களைவிடச் சில வருடம் முந்தியே வருகின்றன, ஒல்லியாகத் தெரிகிறவர்களுக்கும் வருகின்றன. அதனால்தான் நமக்கு பிஎம்ஐ 25 வரை காத்திருக்காமல் 23லேயே எச்சரிக்கை என்கிறோம். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதை முழுக்க ரத்தசோகை தலையில் போட்டுவிட நான் தயாராக இல்லை. இசிஜி, எக்கோ இரண்டும் எடுங்கள். ஹீமோகுளோபின் ஏறிய பிறகு டிரெட்மில் டெஸ்ட் தேவையா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். உங்கள் கணவரையும் கூட்டிப் போங்கள், சிரித்துக்கொண்டே ஓடுகிற 48 வயது ஆண்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

அடுத்து ஃபெரிட்டின், தைராய்டு, பி12 பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் கடையில் இருக்கும் சரக்கு என்றால் ஃபெரிட்டின் குடோனில் இருக்கும் இரும்பின் இருப்பு, அது 30க்குக் கீழே என்றால் இரும்புச்சத்துக் குறைபாடு என்றே எடுத்துக்கொள்வோம். மகப்பேறு மருத்துவரிடம் போய் ஒரு ஸ்கேன் எடுத்துக் கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா என்று பாருங்கள், ஓட்டை அடைக்காமல் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. இரும்பு மாத்திரையை மருத்துவர் சொல்லும் அளவில் எடுங்கள், பக்கத்து வீட்டு அக்கா சாப்பிட்டதை வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் உடம்பு நன்றாக உறிஞ்சுகிறது, வயிற்றுத் தொல்லையும் குறையலாம், இதை அவரிடம் கேட்டுப் பாருங்கள். மாத்திரையோடு எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ நல்லது, காபி, டீ, பால் ஒரு மணி நேரம் தள்ளி. மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடாமல், குடோன் நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது தொடர வேண்டியிருக்கும்.

அதுவரை ரேஸ் வேண்டாம். நடையும், பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டமும் போதும், அதுவும் இதயப் பரிசோதனை முடிந்த பிறகு. வாரம் ஐந்து நாளில் இரண்டு நாளை எடை தூக்கும் பயிற்சிக்குக் கொடுங்கள், மெனோபாஸ் நெருங்கும்போது எலும்பும் தசையும் கரைவதைத் தடுக்க ஓட்டம் மட்டும் போதாது. நெஞ்சு வலி, தலைச்சுற்றல், ஓடும்போது மயக்கம், நெஞ்சுப் படபடப்பு இதில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையைத் திரும்ப எடுத்து எழுதுங்கள், ஹீமோகுளோபின் மட்டும் போதாது, ஃபெரிட்டின் எண்ணும் வேண்டும். 2:12க்கு ஒரு பயிற்சித் திட்டம் போடலாமா என்று அதற்கப்புறம் பேசுவோம்.