அக்கூஸ்டிக் கிட்டார் பதிவுக்கு மைக் நல்லதா, பிக்கப் நல்லதா?

குளச்சலில் கடற்கரையை ஒட்டிய வீட்டில் கிட்டாரைப் பதிவுசெய்ய மைக் வாங்க வேண்டுமா, பிக்கப் (கிட்டாரிலேயே பொருத்தியிருக்கும் ஒலியுணரி) வயரை இன்டர்ஃபேஸில் (ஒலியைக் கணினிக்கு அனுப்பும் கருவி) செருகினாலே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிட்டார் மட்டும் தனித்து ஒலிக்கும் பதிவு என்றால் மைக்கையே பரிந்துரைப்பேன். கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டையான சேடிலுக்கு அடியில் இருக்கும் பீசோ பிக்கப், கம்பிகளின் அதிர்வு அந்த இடத்தில் தரும் அழுத்தத்தையே மின்சாரமாக்குகிறது; மரப்பெட்டி அதிர்ந்து காற்றில் பரப்பும் ஒலி அதற்குப் பெரிதும் எட்டாததால், பலமாக மீட்டும்போது ஓசை வறண்டு, பிளாஸ்டிக்கைத் தட்டியதுபோல் கேட்கும். நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்கை, கிட்டார் கழுத்தில் பதித்த உலோகக் கோடுகளில் 12-ஆவதான 12-ஆம் ஃபிரெட்டுக்கு எதிரே சுமார் 30 செ.மீ. தள்ளி வையுங்கள். ஒலித்துளைக்கு நேரே வைத்தால் தாழ்ந்த சுரங்கள் குமுறும்.

ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலையோசையும் மைக்கில் ஏறும். சன்னலை அடைத்து, மின்விசிறியை நிறுத்தியும் அது அடங்காவிட்டால் பிக்கப்பே மேல். இரண்டையும் சேர்த்துப் பதிவுசெய்வதாயின், ஒலி 30 செ.மீ. கடக்க ஏறத்தாழ 0.9 மில்லிவினாடி ஆவதால் மைக் தடம் பிந்திவிடும்; மென்பொருளில் அதை அவ்வளவு முன்னே நகர்த்தாவிட்டால் சில அதிர்வெண்களில் இரு தடங்களும் ஒன்றையொன்று அழித்து ஒலி மெலியும். பேட்டரியில்லாத பிக்கப் என்றால், இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்ருமென்ட்' உள்ளீட்டையே பயன்படுத்துங்கள்.