ஊருக்குக் கொடுங்கள், ஆனால் டாப்-அப் லோன் வாங்கி வேண்டாம்

கேள்வி: நானும் கணவரும் தென்காசி பக்கம் ஒரே ஊர்க்காரர்கள். இருவருக்கும் சென்னையில் வேலை. கைக்கு வருவது மாதம் சுமார் 2 லட்சம். கணவரின் ஆண்டுச் சம்பளம் 18 லட்சம். வீட்டுக்கடன் தவணை 62,000, இன்னும் 15 வருடம் பாக்கி. நாங்கள் படித்த அரசுப் பள்ளிக்காக உறவினர்கள் ஒரு டிரஸ்ட் நடத்துகிறார்கள். கணவரின் சித்தப்பாதான் பொருளாளர். நான்கு வருடமாகக் கேட்கும்போதெல்லாம் கொடுக்கிறோம். சுற்றுச்சுவருக்கு 2 லட்சம் கொடுத்தோம். போன வருடம் ஸ்மார்ட் வகுப்பறைக்கு 5 லட்சம், அது பர்சனல் லோன். இப்போது எங்கள் பெயரில் 10 லட்சம் மூலதன நிதி என்று சித்தப்பா ஆண்டு விழா மேடையில் மைக்கிலேயே அறிவித்துவிட்டார். வீட்டுக்கடனில் டாப்-அப், அதாவது அதன் மேல் கூடுதல் கடன், கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். வரிச் சலுகை வரும் என்கிறார் சித்தப்பா. தொண்டு அமைப்புகள் பணம் திரட்டும் சோஷியல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் பத்திரம் வாங்குங்கள் என்கிறார் ஒரு நண்பர். மகள் பத்தாம் வகுப்பு. என்ன செய்யலாம்?

பதில்: எந்த வழியில் கொடுப்பது என்று கேட்கிறீர்கள். எனக்கு உறுத்துவது வேறு. உங்கள் வீட்டில் முதலில் வாக்கு போகிறது, அப்புறம் பணம் தேடுகிறீர்கள். தேடுகிற இடமும் வங்கிதான். போன வருடத்து 5 லட்சத்தையே பாருங்கள். வட்டி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 14 சதவீதம், மூன்று வருடம் என்று வைத்துக்கொள்வோம். தவணை மாதம் சுமார் 17,000. முடியும்போது 6.15 லட்சம் கட்டியிருப்பீர்கள். பள்ளிக்குப் போனது 5 லட்சம், மீதி 1.15 லட்சம் வங்கிக்கு.

இப்போது 10 லட்சத்துக்கு வருவோம். டாப்-அப் 9 சதவீதத்தில், 15 வருடம் என்றால் தவணை சுமார் 10,100. மொத்தம் 18 லட்சத்துக்கு மேல் கட்டுவீர்கள். சரி, டிரஸ்ட் அந்த 10 லட்சத்தை என்ன செய்யும்? மூலதன நிதி என்றால் அசலைத் தொடாமல் வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டு, வட்டியைப் பள்ளிக்குச் செலவிடும். ஆறரை சதவீதம் கிடைத்தால் வருடத்துக்கு 65,000. அதாவது 9 சதவீதத்துக்குக் கடன் வாங்கி, இன்னொருவர் பெயரில் ஆறரை சதவீதத்துக்குப் போடப் போகிறீர்கள். மேடையில் கைதட்டு வாங்கிய திட்டம், காகிதத்தில் போட்டுப் பார்த்தால் இவ்வளவுதான்.

அந்த 65,000-ஐ நேரடியாகச் சம்பளத்திலிருந்து கொடுங்களேன்? மாதம் 5,500 போதும். பள்ளிக்கு வருடா வருடம் போய்ச் சேரும் தொகை அதேதான், கடன் இல்லை. "ஆனால் நிதி என்று ஒன்று நிற்காதே" என்று சித்தப்பா கேட்பார். நியாயமான கேள்வி. கட்டவிருந்த தவணையில் மீதி 4,600 இருக்கிறது. அதை உங்கள் பெயரிலேயே 7 சதவீதம் தரும் ஏதாவது ஒன்றில் மாதாமாதம் போட்டு வாருங்கள். 15 வருடத்தில் ஏறக்குறைய பதினாலரை லட்சம் ஆகும். வட்டிக்கான வரியைக் கழித்தாலும் 10 லட்சத்துக்குக் குறையாது. அன்று மொத்தமாகக் கொடுங்கள். இடையில் மகளின் கல்லூரிக்கோ, ஒரு வேலை இழப்புக்கோ பணம் தேவைப்பட்டால் அது உங்கள் கையில் இருக்கும். டிரஸ்ட்டுக்குக் கொடுத்த மூலதன நிதியைத் திருப்பிக் கேட்க முடியாது.

வரிச் சலுகை பற்றிச் சித்தப்பா சொல்வது பாதி உண்மை. உங்கள் கணவர் புதிய வரி முறையில் இருந்தால், 80ஜி எனப்படும் நன்கொடைக்கான வரிச் சலுகை கிடையாது. நீங்கள் மாற்றிக் கேட்காத வரை இப்போது எல்லோரும் அதில்தான் இருக்கிறோம். பழைய முறை என்றாலும், இதுபோன்ற டிரஸ்ட்டுக்குத் தரும் நன்கொடையில் வருமானத்தின் 10 சதவீதம் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். 18 லட்சத்துக்கு 1.8 லட்சம். அதிலும் பாதி, 90,000, மட்டுமே கழியும். 30 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்த்து மிச்சமாவது 28,000 ரூபாய். 10 லட்சம் கொடுத்தாலும் அவ்வளவுதான்! அதற்கும் டிரஸ்ட்டுக்கு 80ஜி அனுமதி இருக்க வேண்டும், நன்கொடைச் சான்றிதழ் தர வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் போச்சு. சுற்றுச்சுவர்ப் பணத்தை எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

நண்பர் சொல்லும் பத்திரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதில் வட்டியும் வராது, அசலும் திரும்பாது. அது நன்கொடைதான், பத்திரம் என்ற பெயரைக் கேட்டு முதலீட்டுக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அந்த எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்து பணம் திரட்ட ஒரு டிரஸ்ட் முந்தைய ஆண்டில் குறைந்தது 50 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும். உங்கள் ஊர் டிரஸ்ட் அந்தப் பக்கம் போக வாய்ப்பே இல்லை. பணம் வேறு யாருக்கோ போகும். புதிதாக ஒன்று வந்தால் உடனே அதில் இருந்தாக வேண்டும் என்று நினைப்பவர்களிடம் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

சித்தப்பா தவறானவர் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் ஒருமுறைகூட மறுக்காததால், உங்களைக் கேட்காமலே அறிவிக்கலாம் என்று அவருக்குப் பழகிவிட்டது. கணவரே போனில் பேசட்டும், நீங்கள் பேசினால் "மருமகள் தடுக்கிறாள்" என்று கதை திரும்பும். சொல்ல வேண்டியது சுருக்கம்: "சித்தப்பா, 10 லட்சம் என்று சொன்னது சொன்னதுதான். ஆனா மொத்தமா இல்ல. மாசாமாசம் டிரஸ்ட் கணக்குக்கு அனுப்புறோம், நிதியைக் கடைசில தர்றோம்." கூடவே கடந்த மூன்று வருடத் தணிக்கைக் கணக்கையும் கேட்கட்டும். பொதுவாக டிரஸ்ட் தன் வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவிட்டாக வேண்டும். மூலதன நிதியாக வைக்க, கொடுப்பவர் அப்படி எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பணத்தை வருமான வரிச் சட்டம் அனுமதித்த வழிகளில்தான் போடலாம், ஊரில் வட்டிக்கு விட முடியாது. இதெல்லாம் தெரிந்த பொருளாளர் என்றால் கணக்கைக் கேட்டதற்குக் கோபப்பட மாட்டார்.

அடுத்த முறை கட்டடம், குளம் என்று கேட்டால், அரசின் நமக்கு நாமே திட்டத்தில் விண்ணப்பிக்க முடியுமா என்று பாருங்கள். பொதுமக்கள் பங்கு பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒன்று, மீதி அரசு. அனுமதி கிடைத்தால் 2 லட்சத்தில் 6 லட்சத்துக்கு வேலை நடக்கும். பள்ளிக்கு நேரடியாகக் கொடுக்க 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கிறது.

சம்பளம் வந்த மறுநாளே 10,000 போய்ச் சேர்கிற மாதிரி ஒரு தனி சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். பள்ளிக்கு 5,500 அதிலிருந்து போகட்டும். மீதியில் முதலில் பர்சனல் லோனை அவ்வப்போது அடைத்து முடியுங்கள், பிறகு நிதிக்குச் சேருங்கள். நான் சொன்ன 15 வருடக் கணக்கு அந்த அளவுக்குத் தள்ளிப் போகும், போகட்டும். கோயில் கொடை, நூலகம், யார் எது கேட்டாலும் பதில் அந்தக் கணக்கின் இருப்புதான்.

டாப்-அப் பணம் இன்னும் கைக்கு வரவில்லை என்றால் இந்த வாரமே வங்கிக்குப் போய் விண்ணப்பத்தை எழுத்தில் வாபஸ் வாங்குங்கள். ஏற்கெனவே கட்டிய கட்டணம் திரும்பாமல் போகலாம். அதை நினைத்துக் கடனை எடுத்துவிடாதீர்கள்.